பழைய அவுட்போர்டில் பவர் டில்ட் மக்கர் செய்கிறதா? பழுதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

படகின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் பட்டனை அழுத்தியும் எழவில்லை என்றால் பலர் வாயில் முதலில் வருவது "பம்ப் போச்சு" என்பதுதான். எஞ்சினைத் தூக்கி இறக்கும் பவர் டில்ட் அமைப்பிலேயே விலை கூடிய பாகம் அந்த ஆயில் பம்ப். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பம்பின் கியர்கள் காலமெல்லாம் ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன, உப்புக் காற்று அவற்றைத் தொடுவதில்லை. உப்பு அரிப்பது வயர் முனைகளை, ரிலேயின் (பட்டன் அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிவிடும் சுவிட்ச்) கால்களை, டில்ட் மோட்டாரின் இரும்பு உறையை. அதனால் பழைய எஞ்சினில் தேடலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

இங்கே எஞ்சின் என்று நான் சொல்வது முழு அவுட்போர்டை. டில்ட் மோட்டார் என்பது அதைத் தூக்கி இறக்கும் சிறிய மின்மோட்டார். இந்த இரண்டு பெயர்களையும் கடைசி வரை இப்படியே வைத்துக்கொள்வோம்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினைப் படகோடு பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப் பிராக்கெட்டுகளுக்கு நடுவில்தான் எல்லாமே இருக்கிறது: டில்ட் மோட்டார், அதன் அடியில் சிறிய கியர் பம்ப், பக்கத்தில் ஆயில் தொட்டி, அப்புறம் ராம்கள், அதாவது ஆயில் அழுத்தத்தில் நீண்டு எஞ்சினைத் தள்ளும் தண்டுகள். பெரிய எஞ்சின்களில் பொதுவாக மூன்று ராம். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு குட்டையான ராம்கள் ட்ரிம் வேலைக்கு. அடியிலிருந்து முதல் 20 டிகிரி அளவுக்கு எஞ்சினைத் தள்ளுவது அவைதான். ஓடும்போது படகின் மூக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய அந்த அளவு போதும். அதற்கு மேல் எஞ்சினைத் தண்ணீரை விட்டு முழுதாக வெளியே தூக்குவது நடுவில் இருக்கும் நீளமான டில்ட் ராம். சிறிய எஞ்சின்களில் ஒரே ராம் இரண்டு வேலையையும் பார்க்கும்.

டில்ட் மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் பம்ப் ஆயிலை ராமின் அடிப்பக்கம் அனுப்பும், எஞ்சின் ஏறும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஆயில் ராமின் மேல்பக்கம் போகும், எஞ்சின் இறங்கும். பட்டனை விட்டதும், ஆயிலைத் திரும்ப விடாத செக் வால்வுகள் மூடிக்கொண்டு ஆயிலை அங்கேயே பூட்டிவிடும். அந்தப் பூட்டிய ஆயில்தான் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிறது. அழுத்தம் அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து விட்டுக்கொடுக்கும். எஞ்சின் முழுதாக ஏறியதும் மோட்டாரின் சத்தம் மாறி முனகுவது இதனால்தான், அது பழுதல்ல. இது தவிர இரண்டு பக்க ஆயிலையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் ஒரு திருகு உண்டு. மின்சாரம் இல்லாதபோது கையால் தூக்க உதவும் மேனுவல் வால்வு அது. பின்னால் அது பல தடவை வரும், நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயமும் பழுதல்ல. முன்னோக்கி வேகமாக ஓடும்போது ட்ரிம் அளவைத் தாண்டி எஞ்சின் எழாது. புரொபெல்லரின் தள்ளுவிசை அதை அழுத்திப் பிடித்திருக்கும், ரிலீஃப் வால்வு பாதுகாப்புக்காக ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். வேகத்தைக் குறைத்ததும் எழுந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

இதை மட்டும் யாரும் அவசரத்தில் தாண்டிப் போகக் கூடாது. தூக்கி நிறுத்திய எஞ்சின் 100 கிலோவுக்கு மேல் இருக்கலாம். அதைத் தாங்குவது ஒரு கை ஆயிலும் சில ரப்பர் வளையங்களும். நீங்கள் சோதிக்கப்போவது அந்த ஆயிலையும் வளையங்களையும்தான். எனவே டில்ட் சப்போர்ட் லீவரைப் போட்டால் மட்டும் போதாது. பிராக்கெட்டுக்கு இடையே கனமான மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள், அல்லது எஞ்சினின் தூக்கு வளையத்தில் கயிறோ செயினோ கட்டி மேலே பிடித்துக்கொள்ளுங்கள். முட்டுக் கொடுக்காமல் மேனுவல் வால்வைத் திறந்தால் எஞ்சின் ஒரே வீச்சில் கீழே விழும். விரல் நடுவில் இருந்தால் தப்பாது.

ஆயில் தொட்டியின் மூடியை எஞ்சின் கீழே இருக்கும்போது திறக்கவே கூடாது. ராம்கள் உள்ளே இழுத்துக்கொண்ட நிலையில் தொட்டிக்கு நிறைய ஆயில் திரும்பியிருக்கும், அழுத்தமும் இருக்கும். திறந்தால் முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, எஞ்சினை முழுதாக மேலே ஏற்றிய பின், மூடியை மெதுவாகத் திருகுங்கள். மின் சோதனையில் பொறி பறக்க வாய்ப்புண்டு. எஞ்சின் மூடியைக் கழற்றி, பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகே வயரைத் தொடுங்கள்.

முதல் படி: காது கொடுத்துக் கேளுங்கள்

ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் பிராக்கெட் பக்கம் நில்லுங்கள். ஒரு கருவியும் வேண்டாம். வரும் சத்தத்தை வைத்தே பாதிப் பழுதை ஒதுக்கிவிடலாம்.

சத்தமே இல்லை என்றால் பழுது பட்டனுக்கும் ரிலேவுக்கும் இடையிலோ, மின்சாரம் வரும் வழியிலோ இருக்கிறது. 'டிக்' என்று ரிலே சத்தம் மட்டும் வந்து மோட்டார் அசையவில்லை என்றால் ரிலேவின் உள்முனை, தடித்த வயர்கள், எர்த், டில்ட் மோட்டார் இந்த நான்கில் ஒன்று. மோட்டார் திணறித் திணறிச் சுற்றினால் மின்சாரம் குறைவாகப் போகிறது அல்லது எஞ்சினே எங்கேயோ இறுகிக் கிடக்கிறது. மோட்டார் வழக்கத்தைவிடத் துள்ளலாக, சுமையே இல்லாததுபோல் வேகமாகச் சுற்றி எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால் மின்பக்கம் நல்லது. ஆயில், மேனுவல் வால்வு, பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் என்று பார்க்க வேண்டும்.

ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியே கேளுங்கள். இரண்டிலும் ஒரே குறையா, ஒன்றில் மட்டுமா என்று குறித்து வையுங்கள். எஞ்சின் மூடியின் பக்கத்திலும் ஒரு டில்ட் பட்டன் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்து கண்ட்ரோல் கைப்பிடியில் இருப்பது வேலை செய்யவில்லை என்றால் பிராக்கெட் பக்கம் போகவே வேண்டாம். கைப்பிடி நாள்தோறும் முன்னும் பின்னும் ஆடுவதால் அதற்குள் போகும் மெல்லிய வயர் மடிந்து மடிந்து உள்ளுக்குள் அறுந்துபோகும். மேல் பிளாஸ்டிக் முழுசாகத்தான் தெரியும். வயரை லேசாக இழுத்துப் பாருங்கள், அறுந்த இடத்தில் ரப்பர்போல நீளும்.

இரண்டாம் படி: மின்சாரம்

பேட்டரியில் தொடங்குங்கள். முழுச் சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். அதைவிட முக்கியம் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது காட்டும் எண். அது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ அதன் முனைகளோதான் குற்றவாளி, வேறெதையும் கழற்றாதீர்கள். முனைகளில் வெள்ளைப் பூஞ்சைபோல் படிந்திருப்பதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிறகு நட்டுக்குப் பதில் சாவி போட்டு இறுக்கும் நட்டைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து ஃபியூஸ். பட்டன் சுற்றுக்கானது பல மாடல்களில் 20 ஆம்பியர். சிலவற்றில் பட்டன் சுற்றுக்கு ஒன்று, மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் வேறொன்று என்று இரண்டு இருக்கும். கண்ணாடி ஃபியூஸ் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பிடித்திருக்கும் கவ்வி பச்சை பிடித்திருக்கலாம், அதனால் கவ்வியையும் பாருங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வல்ல. எங்கேயோ வயர் உரசி உலோகத்தைத் தொடுகிறது, அல்லது டில்ட் மோட்டார் இறுகிவிட்டது.

மல்டிமீட்டரை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. வயரின் உள்ளே ஏழு இழைகளில் ஆறு அரித்துப்போய் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தை இழுப்பதில்லை. டில்ட் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். அப்போது அந்த ஒற்றை இழை கைவிட்டுவிடும். ஆகவே எப்போதும் சுமையோடு சோதியுங்கள். மோட்டார் இணைப்போடு இருக்கட்டும், பட்டன் அழுத்தியபடியே இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள், கறுப்பு முனையை டில்ட் மோட்டாருக்குள் பிளஸ் போகும் வயர் முனையில் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் வீணாகும் வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இடையில் எங்கோ கெட்ட இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டி அளந்தால் குற்றவாளி தானே சிக்கும். எர்த் பக்கத்துக்கும் இதே சோதனை. பேட்டரியின் மைனஸிலிருந்து மோட்டாரின் மற்ற வயர் வரை.

வயர் நிறத்தைப் பொறுத்தவரை யமஹாவில் வான்நீலம் ஏற்றத்துக்கு, இளம்பச்சை இறக்கத்துக்கு. மெர்குரியின் பட்டன் சுற்றில் வெள்ளைக்கோடு போட்ட நீலம் ஏற்றம், வெள்ளைக்கோடு போட்ட பச்சை இறக்கம். ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களிலும் நீலம் ஏற்றம், பச்சை இறக்கம்தான். ஆனால் பழைய எஞ்சினில் யாரோ ஒருவர் கையில் கிடைத்த வயரை ஒட்டுப்போட்டிருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் அந்த மாடலின் வயரிங் படத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: ரிலே

பலர் கோட்டை விடுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டில்ட் மோட்டாரில் இரண்டு வயர் இருந்தால், அதைத் திசை மாற்றிச் சுற்ற வைப்பது இரண்டு ரிலேக்கள். ஓய்வில் இருக்கும்போது இரண்டு ரிலேக்களும் மோட்டாரின் இரண்டு வயர்களையும் எர்த்தோடு இணைத்து வைத்திருக்கும். ஏற்றப் பட்டனை அழுத்தினால் ஏற்ற ரிலே மட்டும் தன் வயரை எர்த்திலிருந்து விலக்கிப் பிளஸ்ஸுக்கு மாற்றும். மின்சாரம் அந்த வயர் வழியே மோட்டாருக்குள் போய், மற்ற வயர் வழியே வெளியே வந்து, அசையாமல் நிற்கும் இறக்க ரிலேவின் வழியாக எர்த்துக்குப் போகும்.

இதன் பொருள் என்ன? ஏறவில்லை, ஆனால் இறங்குகிறது என்றால் ஏற்ற ரிலேதான் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இறக்க ரிலேவின் ஓய்வு முனை கருகியிருந்தாலும் ஏற்றம் நின்றுபோகும். ஏற்ற ரிலேவைப் புதிதாக மாற்றியும் பழுது போகவில்லை என்று புலம்புவதற்கு இதுதான் காரணம். ஆக, ஒரு திசை மட்டும் வேலை செய்யாதபோது இரண்டு ரிலேக்களையும் சந்தேகியுங்கள். இரண்டும் ஒரே மாதிரியாக, கழற்றிச் செருகும் வகையாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுதின் திசை மாறினால் பழுது ரிலேவில், மாறாவிட்டால் வேறெங்கோ. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம். ஒன்று அரித்திருந்தால் அதே உப்பில் இருந்த மற்றதும் பின்னாலேயே வரும்.

மிகப் பழைய எஞ்சின்களில் மூன்று வயர் மோட்டார் இருக்கலாம். அதில் ஏற்றத்துக்கு ஒரு சுருள், இறக்கத்துக்கு ஒரு சுருள், எர்த்துக்கு ஒரு வயர். மேலே சொன்ன ரிலே சங்கதி அதற்குப் பொருந்தாது. அங்கே ஒரு திசை மட்டும் போனால் அந்தத் திசையின் சாலினாய்டையும் (ரிலேபோல் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) வயரையும் சுருளையும் பாருங்கள். இரண்டு திசையும் போனால் எர்த்தைப் பாருங்கள்.

பட்டனை விட்ட பிறகும் மோட்டார் தானாக ஓடிக்கொண்டே இருந்தால் உடனே பேட்டரியைத் துண்டியுங்கள். ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது பட்டனுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அப்படியே விட்டால் மோட்டார் எரிந்துவிடும்.

நான்காம் படி: டில்ட் மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம்

இதுவரை ஒன்றும் அகப்படவில்லையா? சரி, இனி ரிலேவையும் பட்டனையும் ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேரடியாகக் கேட்போம். இரண்டு வயர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து தடித்த வயர் இரண்டை, பிளஸ் பக்கத்தில் ஒரு ஃபியூஸோடு, கொண்டுவந்து தொடுங்கள். பொறி வருவதானால் பேட்டரியிடம் வரக் கூடாது, அதனால் கடைசி இணைப்பை மோட்டார் பக்கம் செய்யுங்கள். ஒரு திசை பார்த்ததும் வயரை மாற்றித் தொட்டு மறுதிசை பாருங்கள்.

இரண்டு திசையும் நன்றாக ஓடி எஞ்சினும் ஏறி இறங்கினால் மோட்டாரும் பம்பும் தப்பித்தன. பழுது மோட்டாருக்கு முன்னால், ரிலேவிலோ வயரிலோ பட்டனிலோ. ஓடவே இல்லை என்றால் மோட்டாருக்குள் பழுது. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். ஒரு மரத்துண்டால் உறையில் மெல்லத் தட்டியதும் ஓடினால் பிரஷ் ஒட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கரை சேர அந்தத் தட்டு உதவும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகள் பீங்கான்போல உடையும். சிலவகை மோட்டார்களில் சூடானால் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பும் உண்டு. நீண்ட நேரம் பட்டனை அழுத்திய பின் நின்றுபோய், ஆறியதும் மறுபடி ஓடினால் அதுதான்.

மோட்டாரைக் கழற்றும்போது சுற்றுப்புறத்தை முதலில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் துகள் பம்புக்குள் விழுந்தால் செக் வால்வு ஒழுங்காக மூடாது. கழற்றியதும் பிரஷ் அறையைப் பாருங்கள். அங்கே ஆயில் நிறைந்திருந்தால் பெரும்பாலான வகைகளில் அச்சுச் சீல் போய்விட்டது என்று பொருள். துருவும் தண்ணீரும் இருந்தால் மேல் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டுவிட்டது அல்லது உறை அரித்துவிட்டது. உறையின் இரும்பு கொப்பளம் கொப்பளமாக வீங்கியிருந்தால் பிரஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை. முழு மோட்டாரை மாற்றிவிட்டு, புது உறைக்கு முதல் நாளே நல்ல பெயின்ட் அடித்துவிடுங்கள். எவின்ரூட் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டாலும், பழைய மாடல்கள் பலவற்றுக்கு மற்ற நிறுவனங்கள் செய்யும் மாற்று டில்ட் மோட்டார்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது போல்ட் துளைகளின் அமைப்பையும் கப்ளரின் வடிவத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மோட்டார் ஓடுகிறது, எஞ்சின் அசையவில்லை

முதலில் மேனுவல் வால்வு. கிளாம்ப் பிராக்கெட்டில் ஒரு வட்டத் துளை தெரியும், அதற்குள் ஸ்க்ரூடிரைவர் போகும் அளவு பிளவு கொண்ட திருகு. யாராவது எப்போதாவது எஞ்சினைக் கையால் தூக்கத் திறந்துவிட்டு மூட மறந்திருக்கலாம். முழுதாக மூடி, மிதமாக இறுக்குங்கள். பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கம் திருகினால் திறக்கும், வலப்பக்கம் திருகினால் மூடும். உங்கள் மாடலின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பதானால் மூன்று நான்கு சுற்றுப் போதும். அதற்கு மேல் தடுத்து நிறுத்தும் கிளிப் ஒன்று இருக்க வேண்டும். பழைய எஞ்சினில் அந்தக் கிளிப் காணாமல் போயிருந்தால் திருகு வெளியே வந்து ஆயில் பீறிடும்.

அப்புறம் ஆயில் அளவு. எஞ்சினை முழுதாக மேலே கொண்டுபோக வேண்டும். மின்சாரத்தால் முடியாவிட்டால் வால்வைத் திறந்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி, முட்டுக் கொடுத்து, வால்வை மூடிவிட்டுப் பிறகு தொட்டி மூடியைத் திறங்கள். ஆயில் துளையின் கீழ்விளிம்பு வரை இருக்க வேண்டும். பல தயாரிப்புகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் பொருந்தும். மெர்குரி, ஜான்சன், எவின்ரூட் கையேடுகள் தனி டில்ட் ஆயிலைச் சொல்கின்றன. பிரேக் ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள், ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதி வீணாகும்.

ஆயிலின் நிறமும் பேசும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியின் ஓ-ரிங், ராமைச் சுற்றியுள்ள துடைப்புச் சீல், மோட்டார் அடியின் ஓ-ரிங் இவற்றில் ஒன்றின் வழியாகத்தான் அது வந்திருக்கும். நுரையாக இருந்தால் காற்று. ஆயிலில் உலோகப் பொடி மின்னினால் மட்டும் பம்பின் மேல் சந்தேகம் வரலாம்.

ஆயில் அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு நகராதீர்கள், அது எங்கேயோ போயிருக்கிறது. ராம்களின் வாய், மோட்டார் அடி, மூடி, மேனுவல் வால்வுத் துளை எல்லாவற்றையும் துடைத்து, சில தடவை ஏற்றி இறக்கி, எங்கே ஈரம் கசிகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆயில் நிறைந்திருக்கிறது, வால்வு மூடியிருக்கிறது, ஆனாலும் மோட்டார் துள்ளிச் சுற்றுகிறது என்றால் மோட்டாரைக் கழற்றிக் கப்ளரைப் பாருங்கள். மோட்டார் அச்சையும் பம்பையும் இணைக்கும் அந்தச் சின்னத் துண்டு உடைந்திருக்கலாம். அதுவும் நன்றாக இருந்தால்தான் ரிலீஃப் வால்வில் அழுக்கு சிக்கியதா, பம்ப் தேய்ந்ததா என்ற கேள்வி.

எஞ்சினை நீங்கள் கையால் கொஞ்சம் தாங்கினால் மட்டும் ஏறுகிறது என்றால் பம்பின் அழுத்தம் போதவில்லை. அதற்கும் முதல் காரணம் குறைந்த வோல்ட்தான். இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த வோல்ட் இழப்பு சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள்.

ஆறாம் படி: ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை

இரவில் தூக்கி நிறுத்திவிட்டுப் போனால் காலையில் பாதியில் தொங்குகிறது. இது ஆயிலைப் பூட்டும் பக்கத்தின் பழுது. மின்பக்கத்தைத் தொட வேண்டாம்.

வெளியே கசிவு உண்டா என்று பாருங்கள். இருந்தால் பழுது கண்ணுக்குத் தெரிகிறது. இல்லை என்றால் ஆயில் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவுகிறது. அதற்கு மூன்று வழி: மேனுவல் வால்வின் ஓ-ரிங், ஏற்றப் பக்கச் செக் வால்வு, டில்ட் பிஸ்டனின் சீல். இதே வரிசையில் போங்கள். மேனுவல் வால்வை வெளியே எடுத்து, ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறதா, வால்வின் நுனியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை, செலவும் அதிகமில்லை. எடுக்கும் முன் எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆயில் பழசாகி அழுக்காக இருந்தால் அதை முழுதாக மாற்றி, பல தடவை ஏற்றி இறக்குவதாலேயே செக் வால்வில் சிக்கிய துகள் கழுவிக்கொண்டு போய்விடலாம். இவை இரண்டும் கைகொடுக்காவிட்டால் பிஸ்டன் சீல்.

ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் எழும்பிக்கொள்கிறதா? அது வேறு பக்கம். ரிவர்ஸில் புரொபெல்லர் எஞ்சினை மேலே இழுக்கும், அதைப் பிடித்து வைப்பது ராமின் மேல்பக்க ஆயில். மேனுவல் வால்வு இறுகாமல் இருப்பது இதற்கும் முதல் காரணம். அடுத்தது இறக்கப் பக்கச் செக் வால்வு. மூன்றாவது டில்ட் பிஸ்டனுக்குள் இருக்கும் அதிர்ச்சி வால்வுகள். நீருக்கடியில் மரக்கட்டையில் மோதினால் எஞ்சின் தெறித்து எழும்ப இடம் கொடுப்பவை அந்தக் குட்டி வால்வுகள்தான். அவற்றில் ஒரு துகள் சிக்கினால் மோதாமலேயே திறந்து கிடக்கும். இந்தக் குறையோடு படகை ஓட்டாதீர்கள். ரிவர்ஸில் நிறுத்த முடியாத படகு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

ஏழாம் படி: எஞ்சினே இறுகியிருந்தால்

மோட்டார் திணறுகிறது, வோல்ட் சரியாக இருக்கிறது, ஆயிலும் நல்லது. அப்போது மேனுவல் வால்வைத் திறந்துவிட்டு எஞ்சினைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு. கனமாக இருக்கலாம், ஆனால் ஒரே சீராக அசைய வேண்டும். ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் எஞ்சின் ஏறி இறங்க அச்சாக நிற்கும் டில்ட் குழாயின் புஷ்களிலோ ராமின் மேல் பின்னிலோ உப்பும் காய்ந்த கிரீஸும் சேர்ந்திருக்கின்றன. கிரீஸ் நிப்பிள் வழியாகக் கடலுக்கான கிரீஸை, பழையது வெளியேறிப் புதியது தெரியும் வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றுங்கள். இறுகிய எஞ்சினைப் பம்பின் பலத்தால் தூக்கப் பார்த்தால் நல்ல பம்பும் கெடும்.

சீல் மாற்றுவது

ராமின் வாயில் இருக்கும் மூடியைத் திறக்க இரண்டு முளை கொண்ட தனி ஸ்பேனர் வேண்டும். உளியால் தட்டித் திருப்பினால் அலுமினியத் துளைகள் கிழிந்து, பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊற வையுங்கள். திறக்கும் முன் எஞ்சினை முட்டுக் கொடுத்து மேனுவல் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பிஸ்டன் வரவில்லை என்று கம்ப்ரஸர் காற்றை உள்ளே விடுவது மிகவும் ஆபத்து, அது குண்டுபோல் பாய்ந்து வரும்.

ராமின் பளபளப்பான மேல்பரப்பை நகத்தால் தடவுங்கள். துருப்புள்ளி நகத்தில் தட்டினால் அந்த ராமுக்குப் புது சீல் போடுவது வீண் வேலை. சில நாளிலேயே அந்தப் புள்ளி சீலைக் கிழித்துவிடும். ராமையும் மாற்ற வேண்டும். புது சீலுக்கு டில்ட் ஆயிலையே தடவி உள்ளே இறக்குங்கள். நூல் உதிராத துணி மட்டும் பயன்படுத்துங்கள்.

செக் வால்வு, ரிலீஃப் வால்வு இருக்கும் பம்ப் உடலைப் பிரிப்பதை, அந்த மாடலின் பட்டறைக் கையேடும் சுத்தமான மேசையும் இல்லாமல் நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டிக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் ஒரே மாதிரி தெரியும், இடம் மாறினால் அழுத்தமே மாறிவிடும். இந்தக் கட்டத்தில் பிரஷர் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போவது நல்லது. ஏற்ற அழுத்தம், இறக்க அழுத்தம் இரண்டையும் அவர் அளந்து சொன்ன பிறகு பம்பை மாற்றினால், கொடுக்கும் காசு வீண் போகாது.

காற்றை வெளியேற்றிச் சோதிப்பது

எதைத் திறந்து மூடியிருந்தாலும் உள்ளே காற்று புகுந்திருக்கும். எஞ்சினை மேலே நிறுத்தி, முட்டுக் கொடுத்து, துளையின் விளிம்பு வரை ஆயில் ஊற்றி மூடியைப் போடுங்கள். கொடுத்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு முழுதாக இறக்குங்கள், முழுதாக ஏற்றுங்கள். சில நிமிடம் நுரை அடங்க விடுங்கள். மறுபடி முட்டுக் கொடுத்து, மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றுங்கள். அளவு குறையாமல் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து ஆறு சுற்று ஆகலாம். மோட்டார் தொடர்ந்து ஓடினால் சூடாகும், அதனால் சுற்றுகளுக்கு இடையே ஆறவிடுங்கள். ஏற்றம் திக்கித் திக்கி வராமல் ஒரே ஓட்டமாக வந்தால் காற்று போய்விட்டது.

வயர் இணைப்புகளை மறுபடி போடும்போது முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். ஈயம் பூசிய செம்பு வயர், சரியான கருவியால் நசுக்கிய முனை, அதன்மேல் உள்பசை கொண்ட சுருங்கும் குழாய் என்று செய்தால் உப்பு உள்ளே ஏறாது. பிராக்கெட்டின் அடியில் இருக்கும் துத்தநாக ஆனோடு (எஞ்சினுக்குப் பதில் தான் அரிபட்டுக் கரையும் துண்டு) பாதிக்கு மேல் கரைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள்.

கடைசியாக, எஞ்சினைப் பாதி உயரத்தில், முட்டு இல்லாமல் நிறுத்துங்கள். டில்ட் ராமில், சீலின் வாயை ஒட்டி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். யாரும் அடியில் போகாதபடி பார்த்துக்கொண்டு ஓர் இரவு விடுங்கள். கோடு அதே இடத்தில் இருந்தால் படகைத் தண்ணீரில் இறக்கி, மெதுவான ரிவர்ஸில் எஞ்சின் எழும்புகிறதா என்று பாருங்கள். கோடு உள்ளே போயிருந்தால் ஆறாம் படியில் எந்த இடத்தில் விட்டீர்களோ அங்கிருந்து தொடருங்கள்.